ஒரு சுழி அதிகம்

முப்பத்து நான்கு வருடம் ஒரே அச்சகத்தில் பிழை திருத்தினார். அங்கே எல்லோருக்கும் அவர் ‘ஒற்றர்’. எந்தச் சொல்லின் வாலில் ஒரு ‘க்’ விட்டுப்போயிருக்கிறது, எங்கே ஒரு ‘ச்’ அழைக்காத விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார் என்பதால் வந்த பெயர். அடுத்தவர் வேலையை வேவு பார்ப்பவர் என்ற அர்த்தமும் அதற்குள் இருந்தது. தெரிந்தும் அவருக்கு அதில் பெருமைதான். ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் விழுந்த மாலையைவிட, “ஒற்றர் போயிட்டா எங்க தப்பையெல்லாம் ஊரே பாக்குமே” என்று அச்சுக்கோப்பவர் ஒருவர் அங்கலாய்த்ததுதான் அவருக்கு இனித்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சங்கடம். திருத்த ஒன்றும் இல்லை. ஒரு வாரம் செய்தித்தாளைத் திருத்தினார். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைத் திருத்தினார். அதன் பிறகு அவர் கண் பின்னறைக்குப் போயிற்று.

பின்னறையில் சன்னலை ஒட்டி மனைவியின் மேசை. பன்னிரண்டு வருடமாக அவள் அங்கே வாழ்த்து அட்டை செய்துகொண்டிருந்தாள். மகள் வேலை கிடைத்துத் தூர தேசம் போன பிறகு பொழுது போகாமல் ஆரம்பித்த வேலை, தெருவுக்கே பழகிப்போய்விட்டது. குழந்தை பிறந்தால், வீடு மாறினால், யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து தேறி வந்தால், “அக்கா, ஒரு அட்டை” என்று வந்து நிற்பார்கள். பென்சில் ரப்பரை பிளேடால் செதுக்கி அச்சு செய்வாள். பழைய எக்ஸ்ரே படத்தைக் கழுவி, அதில் இலையும் பறவையுமாக வெட்டி ஸ்டென்சில் எடுப்பாள். பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் ஒரு துண்டு வெட்டி, மையில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி ஒற்றி எடுப்பாள். மை கொஞ்சம் கூடினால் ஸ்டென்சிலுக்கு அடியில் கசிந்து இலையின் ஓரம் பிசிறடிக்கும். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “இந்த இலைய பூச்சி அரிச்சிருக்கு” என்று பக்கத்தில் ஒரு குட்டிப் புழுவை வரைந்துவிடுவாள். வாங்குகிறவர்கள் புழு இருக்கிற அட்டையைத்தான் கேட்டு வாங்கினார்கள்.

ஒற்றருக்கு அது பொறுக்கவில்லை.

முதலில் பின்னால் நின்று பார்த்தார். பிறகு நாற்காலி போட்டுக்கொண்டார். “இடது பக்கம் அரை விரக்கடை ஏறியிருக்கு பாரு” என்றார். அளவுகோலைக் கொண்டுவந்து வைத்தார். அட்டை நகராமல் இருக்க மரச்சட்டம் ஒன்று அடித்துக் கொடுத்தார். அதில் தப்பு சொல்ல முடியாது, நல்ல சட்டம்தான். கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்திருந்த அட்டைகளை எடுத்து, கோணலானவற்றில் எல்லாம் பென்சிலால் சின்ன வட்டம் போட்டு அடுக்கி வைத்தார்.

“என்னங்க இது?”

“தப்ப குறிச்சு வச்சிருக்கேன். அடுத்த தடவ வராம பாத்துக்கலாம்ல.”

அவள் வட்டங்களை எண்ணிப் பார்த்தாள். அழிக்க உட்கார்ந்தாள். அழிக்கிற ரப்பரும் அச்சு செதுக்குகிற ரப்பரும் ஒன்றாக இருந்ததில், செதுக்கிவைத்திருந்த பறவை ஒன்றின் மூக்கு தேய்ந்துபோயிற்று.

மகள் தொலைபேசியில் விளையாட்டாகத்தான் சொன்னாள். “அப்பா, அம்மா வேலைல மூக்க நுழைக்காதீங்க. அம்மா ஒன்னும் உங்க அச்சகம் இல்ல.”

“நான் உதவிதானேம்மா பண்றேன்” என்றார் ஒற்றர். அதை அவர் மனதார நம்பினார்.

மனைவிக்கு ஒரே ஒரு அண்ணன். அதே ஊரில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அம்மா படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் யார் எத்தனை நாள் பார்த்துக்கொண்டார்கள் என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் வாய்த்தகராறு வந்து, ஆறு வருடமாகப் பேச்சு நின்றிருந்தது. இரண்டு பேரும் ரோஷக்காரர்கள். ஒருவர் இறங்கி வந்தால் இன்னொருவர் இரண்டு படி இறங்கி வந்திருப்பார். யார் முதல் படி இறங்குவது என்பதில்தான் ஆறு வருடம் போயிற்று.

அந்த அண்ணன் கடையை மூடிவிட்டு அடுத்த மாதம் மகனோடு போய் இருக்கப்போகிறார், கடல் தாண்டி, இனி வருவது சந்தேகம் என்ற செய்தி இரண்டு வீடு தள்ளி இருக்கும் தையல்காரம்மா வழியாக வந்து சேர்ந்தது. மறுநாள் காலை மனைவி புது ரப்பர் ஒன்றை எடுத்துச் செதுக்க உட்கார்ந்தாள்.

நான்கு நாள் எடுத்துக்கொண்டாள். முகப்பில் சுற்றிலும் கொடி. நடுவில் ஒரே ஒரு சொல், அவள் செதுக்கிய எழுத்தில், கருநீல மையில். உள்பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தாள். காயட்டும் என்று மேசைமேல் வைத்துவிட்டு, தையல்காரம்மா கூப்பிட்டாள் என்று போனாள்.

ஒற்றர் உள்ளே வந்தார். அட்டையைப் பார்த்தார். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

‘அன்னா’ என்று இருந்தது. இரண்டு சுழி ‘ன’.

ஆறு வருடம் கழித்து அண்ணனுக்கு அனுப்புகிற முதல் அட்டை, அதில் ‘அண்ணா’ என்ற சொல்லிலேயே பிழை! மைத்துனர் பார்த்தால் என்ன நினைப்பார்? பாவம், பதற்றத்தில் செதுக்கியிருக்கிறாள், இடவலம் மாற்றிச் செதுக்குகிற வேலையில் ஒரு சுழி விட்டுப்போயிற்று என்று அவராகவே முடிவு கட்டினார். தையல்காரம்மா வீடு கூப்பிடு தூரம். வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். பின்னால் எத்தனையோ நாள் அவர் அந்த வாசலில் நின்று இதையே நினைத்திருக்கிறார்.

கூப்பிடவில்லை. அவளுக்கு ஓர் ஆச்சரியம் கொடுக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. புது ரப்பரில் மூன்று சுழி ‘ண’ செதுக்கினார். கை சுத்தம் அவருக்கு. சட்டத்தில் புது அட்டையைப் பொருத்தி, அவள் ஸ்டென்சிலை வைத்து, மையை அளவாக ஒற்றி எடுத்தார். ஒரு பிசிறு கிடையாது. உள்ளே வெறுமையாக இருந்தது அவருக்கு உறுத்தியது. மகளுக்காக வாங்கி அலமாரியில் கிடந்த எழுத்து அச்சுப்பெட்டியை எடுத்து, ‘பயணம் இனிதே அமைய வாழ்த்துகள்’ என்று ஒரே வரியாக அடித்தார். ‘வாழ்த்துகள்’தான், ‘க்’ போடவில்லை. மை காய்ந்ததும் உறையில் போட்டு, முகவரியைத் தன் கையெழுத்தில் எழுதி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். பழைய அட்டையை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

அவள் வந்தபோது வாசலிலேயே சொன்னார். “உன் அட்டைல பெரிய தப்பு ஒன்னு இருந்துச்சு. நல்லவேள நான் பாத்தேன். சரி பண்ணி அனுப்பிச்சாச்சு.”

“என்ன தப்பு?”

“அண்ணாவுக்கு ரெண்டு சுழி போட்டிருக்க! நான் மூணு சுழி செதுக்கி, புதுசா அச்சடிச்சு…”

“பழசு எங்க?”

“கிழிச்சுப் போட்டேன். அத எதுக்கு வச்சுக்கிட்டு?”

அவள் பின்னறைக்குப் போய்க் குப்பைக்கூடைக்கு முன்னால் உட்கார்ந்தாள். துண்டுகளைக் கையில் எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு, “சரி, சாப்பிட வாங்க” என்றாள். நன்றி சொல்லவில்லையே என்று ஒற்றருக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. அண்ணனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தொலைபேசி அடித்தால் அவள் கை துடைத்துக்கொண்டு கூடம் வரை வருவாள். வேறு யாராவது என்று தெரிந்ததும் திரும்பிப் போவாள். புது அட்டை எதுவும் செய்யவில்லை. கேட்டு வந்தவர்களிடம் “கை வலி” என்றாள்.

இருபதாம் நாள் ஒற்றருக்குக் கோபம் வந்துவிட்டது. தங்கச்சி இறங்கி வந்து அட்டை அனுப்பியிருக்கிறாள், ஒரு வார்த்தை பதில் சொல்ல என்ன கேடு? நேரில் கேட்டுவிடுவது என்று மனைவியிடம் சொல்லாமல் கிளம்பினார்.

கடையில் பாதி காலி. சுவரில் கடிகாரங்கள் மாட்டியிருந்த இடமெல்லாம் வட்ட வட்டமாக வெளுத்திருந்தது. மைத்துனர் பெட்டிக்குள் சின்னச் சின்ன ஆயுதங்களைத் துணியில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்.

“வாங்க மாப்ள” என்றார். குரலில் மரியாதை இருந்தது, வரவேற்பு இல்லை.

“மச்சான், நான் சுத்தி வளைக்கல. உங்க தங்கச்சி அட்டை அனுப்பிச்சாளே, ஒரு ஃபோனாவது பண்ணக்கூடாதா?”

மைத்துனர் நிமிர்ந்தார். “அவளா அனுப்பிச்சா?”

“வேற யாரு?”

மைத்துனர் மேசை இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்து முன்னால் வைத்தார். “கவர்ல உங்க கையெழுத்து. உள்ள அச்செழுத்துல ‘பயணம் இனிதே அமைய’. போய்த் தொலைன்னு நாசூக்கா சொல்ற மாதிரி. சரி, வெளியிலயாவது அவ எழுத்து இருக்கான்னு பாத்தேன் மாப்ள. வேலை பாக்குற பூதக்கண்ணாடிய கண்ணுல வச்சுக்கிட்டுப் பாத்தேன். மூணு சுழி. சுத்தமான மூணு சுழி.”

“மூணு சுழிதானே சரி?”

“சரிதான். யாரு இல்லேன்னா?” அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். “நான் ஹாஸ்டல்ல படிக்கிறப்போ அவ ரெண்டாம் கிளாஸ். எனக்கு லெட்டர் போட்டா. ‘அன்புள்ள அன்னா’ன்னு. நான் அத ரூம்ல எல்லார்கிட்டயும் காட்டிச் சிரிச்சேன். லீவுக்கு வந்தப்போ அவகிட்டயும் சொல்லிச் சிரிச்சேன். அவளுக்கு வந்துச்சே கோவம். ‘ஊரு பூரா காட்டுன உனக்கு ரெண்டு சுழி போதும். ஒரு சுழி கம்மியான அண்ணன்தான் நீ’ன்னுட்டா. அதுலேர்ந்து எனக்கு எத எழுதினாலும் ரெண்டு சுழிதான். சண்டை போட்டா மட்டும் மூணு சுழி. கடைசியா அம்மா விஷயத்துல சண்டை வந்தப்போ ஒரு சீட்டு குடுத்தனுப்பிச்சா. அதுல மூணு சுழி.”

ஒற்றர் அட்டையைக் கையில் எடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. எந்த அச்சகத்திலும் தள்ளியிருக்க மாட்டார்கள்.

“மச்சான்,” என்றார். “அவ ரெண்டு சுழிதான் போட்டிருந்தா. நான்தான் திருத்தினேன்.”

மைத்துனர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார் ஒற்றர். கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

“இருபது நாள் மாப்ள” என்றார் மைத்துனர், மெதுவாக. “இருபது நாள்ல நாங்க எவ்வளவு பேசியிருப்போம். நாளன்னிக்கு காலைல எனக்கு ஃப்ளைட்.”

அங்கிருந்தே தொலைபேசி போட்டார்கள். அண்ணன் “நான்தான்” என்றார். ஒற்றர் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். மறுநாள் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். தனியாகத்தான் போனாள், இவர் கூட வருவதாகச் சொல்லவும் இல்லை. பெட்டி கட்டுகிற வீடு, சாமான் வாங்க வந்தவர்கள், விடைபெற வந்தவர்கள், அந்தக் கூட்டத்தில் அண்ணனும் தங்கையும் அடுப்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்களாம். என்ன பேசினார்கள் என்று அவள் சொல்லவில்லை. கண் வீங்கியிருந்தது.

“தெரியாம செஞ்சுட்டேன்” என்றார் ஒற்றர். “நீயாவது சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்தான்” என்றாள் அவள். “அண்ணனுக்கு என் கொடியப் பாத்தாலே புரியும்னு நெனச்சேன். புரிஞ்சும் கூப்பிடலயேன்னு வீம்பா உக்காந்துட்டேன். உங்ககிட்ட சொல்றதுக்கு அலுப்பா இருந்துச்சு. ஒவ்வொன்னுக்கும் காரணம் சொல்லணும் உங்களுக்கு.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் அவள் மேசைக்குத் திரும்பவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “நான் பின்னறைப் பக்கமே வரமாட்டேன். நீ உன் இஷ்டத்துக்குச் செய்” என்றார்.

“நீங்க வராட்டியும் உங்க கண்ணு வருதுங்க” என்றாள். வெறுப்பாகச் சொல்லவில்லை, கால் வலிக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னாள். “பிளேட எடுத்தாலே எங்க வட்டம் போடுவீங்கன்னு தோணுது. கை போக மாட்டேங்குது.”

கேட்டு வைத்திருந்த இரண்டு மூன்று அட்டைகளை ஒற்றரே செய்து கொடுத்தார். தையல்காரம்மா தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நல்லா இருக்கு. அப்படியே அச்சடிச்ச மாதிரியே இருக்கு” என்றாள். அதற்கப்புறம் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை. மனைவி மதியங்களில் தையல்காரம்மா வீட்டுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கப் போக ஆரம்பித்தாள். சிரிப்புச் சத்தம் இங்கே வரை கேட்கும்.

ஒரு மதியம் மகள் கூப்பிட்டாள். கூட வேலை பார்ப்பவளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அம்மாவிடம் ஓர் அட்டை செய்து அனுப்பச் சொல்லுங்கள் என்றாள்.

“அம்மா இப்ப செய்யறதில்லம்மா.”

“ஏன், கை வலி இன்னும் சரியாகலயா?”

ஒற்றர் சன்னல் வழியாக வெளியே பார்த்தார். “கை வலி இல்ல. என்னாலதான். குத்தம் கண்டுபிடிச்சுக் கண்டுபிடிச்சு, நான்தான் நிறுத்த வச்சுட்டேன்.”

மகள் கேட்டாள். “இத அம்மாகிட்ட சொன்னீங்களா?”

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னாரே தவிர, இதைச் சொல்லவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்கு நடந்தார். இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் தையல்காரம்மா இருப்பதைப் பார்க்காதவர்போல் மனைவியிடம் சொன்னார். “நீ நல்லாத்தான் செஞ்சுக்கிட்டிருந்த. நான்தான் கெடுத்தேன்.”

தையல் இயந்திரம் நின்றது. மனைவி ஊசியில் இருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. அவர் தேடிய மன்னிப்பும் இல்லை.

“உக்காருங்க” என்றாள், பக்கத்தில் கிடந்த துணியை ஒதுக்கி. “இன்னும் நாலு சட்டை இருக்கு. முடிச்சுட்டு வர்றேன்.”

அவர் உட்கார்ந்தார்.