நூற்றுக்கு எண்பது

எப்போதும்வென்றான் ஊர் மிக்கேலம்மாளுக்குப் பொய்யைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அந்த ஐப்பசி மழையில் அவள் விதைத்த பருத்தி பாதிகூட முளைக்கவில்லை. நூற்றுக்கு எண்பது முளைக்கும் என்று சொல்லி விற்ற கோவில்பட்டிக் கடைக்காரரோ அவளுடைய கரிசல் காட்டைக் குறை சொன்னார்.

அவள் மிச்ச மூட்டையின் மேலே, நடுவே, அடியிலே என்று நூறு நூறு விதை எடுத்து ஈரச்சாக்குகளில் சுருட்டி வைத்தாள். எந்தச் சாக்கிலும் ஐம்பதுகூட முளைக்கவில்லை. மூன்றையும் கொண்டுபோய்க் கடை மேசையில் விரித்தாள்.

“ஒங்க கைக்குச் சொத்தையாச் சிக்கியிருக்கும்மா.”

“எண்பது மெய்யின்னா ஒரு கை அப்படிச் சிக்கலாம் அண்ணாச்சி. அள்ளுன மூணு கையுமா சிக்கும்?”

கடையில் ஆட்கள் கூடவே அவர் குரல் தணிந்தது. “சரி, வேற விதை தாரேன்.”

“விதைய மாத்தித் தருவீரு. பெஞ்சு போன மழைய எங்கன போயி மாத்துவீரு?”