கழுவிப் பார்த்து வாங்கு

என் அப்பா தனபாலனின் மரண அறிவித்தலில் போட எங்களிடம் ஒரே ஒரு படம்தான் இருந்தது. கண்டிக்கு வெளியே நடந்த மாட்டுக் கண்காட்சியில் ஏழு வருடங்களுக்கு முன் எடுத்தது. முதற்பரிசு பெற்ற பசு நடுவில் நிற்கிறது. கழுத்தில் நீல ரிபன். கயிறு பண்ணை முதலாளியின் கையில். மாட்டைத் தயார் செய்தவர் தலைப்பக்கம் நிற்பதுதான் வழக்கம். அப்பா இடது பின்னங்காலை ஒட்டி நிற்கிறார். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் பண்ணை கொடுத்தவை. அவர் சிரிக்கவில்லை.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் அவர். பத்தொன்பது வயதில், தெல்தோட்டைக்கு மேலே இருக்கும் இந்தத் தனியார் பால் பண்ணைக்குப் புல்லு வெட்ட வந்தார். வந்து மூன்றாம் வருடம், இறக்குமதி மாடுகளோடு ஒரு வெள்ளைக்காரர் வந்து இரண்டு நாள் தங்கினார். கண்காட்சிக்கு மாட்டை எப்படித் தயார் செய்வதென்று பண்ணையின் மிருக வைத்தியருக்குக் காட்டினார். வைத்தியர் கொப்பியில் எழுதிக்கொண்டார். வாளி தூக்கி நின்ற அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கண்காட்சிக்குள் வைத்தியரின் கொப்பி எங்கோ தொலைந்துவிட்டது.

மாட்டின் உடம்பை யாரும் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடலாம். வேலை காலில்தான் இருக்கிறது. நடுவர் மாட்டை நடக்கவிட்டு முதலில் பார்ப்பது பின்னங்காலை. மூன்று நாள் முன்பிருந்தே அப்பா சவர்க்காரம் போட்டுச் சாணிக் கறையை எடுப்பார். கண்காட்சியன்று விடியற்காலை கால்களைக் காயவைத்து, முடியை மேல்நோக்கி வாரி நிறுத்துவார். எலும்பு மெலிந்த இடத்தில் முடியை நீளமாக விடுவார். மூட்டு துருத்தும் இடத்தில் ஒட்ட வெட்டுவார். பத்தடி தள்ளிப்போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். திரும்பி வந்து இன்னும் நாலு முடி வெட்டுவார். கோணல் கால் நூல் பிடித்த மாதிரி நேராகத் தெரியும்.

நிறுத்திய முடி விழாமலிருக்க ஒரு ஸ்பிரே அடிக்க வேண்டும். மாட்டுக்கென்றே செய்த ஸ்பிரே இங்கே கிடைக்காது. அப்பா கண்டி டவுனில் பெண்கள் தலைக்கு அடிக்கும் ஸ்பிரேயை வாங்கினார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். கடையில் நின்ற பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆறு டின்னா? வீட்டுல அத்தனை பொம்பளைங்களா அண்ணே?"

"நாப்பது பேரு இருக்காங்க தங்கச்சி."

"நாப்பதா! அதுல மூத்தவங்க யாரு?"

"இருக்கா ஒருத்தி. அஞ்சு பெத்துட்டா. இன்னமும் கண்ணாடி மாதிரி நின்னு காட்டுவா, புல்லு மட்டும் நேரத்துக்குப் போடணும்."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் கடை முதலாளி எழும்பி வந்துவிட்டார்.

அந்த ஸ்பிரே தோலில் இராத் தங்கினால் மாட்டுக்குக் கொப்புளம் வரும். அதனால் பரிசு கொடுத்து முடிந்ததும் அப்பா சுடுதண்ணீர் வாளியோடு வருவார். மாடு வாங்குகிறவர்களும் அந்த நேரத்தில்தான் சுற்றி நிற்பார்கள். "கழுவிப் பாத்து வாங்குங்க," என்பார் அப்பா. "காலையில நான் செஞ்சது அலங்காரம். கால் உள்ளதான் இருக்கு." சொல்லிவிட்டு அவர்கள் முன்னாலேயே கழுவுவார். முதலாளிக்கு அது பிடிக்காது. ஆனால் தனபாலன் கழுவிக் காட்டிய மாடு என்றால் கலஹாவரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள் என்பதால் அவரும் பேசாமல் இருந்தார்.

தெல்தோட்டைப் பாயிஸா அப்பாவுக்குப் பழக்கமானது அப்படி ஒரு மாடு வாங்க வந்தபோதுதான். கணவர் ஹுஸைன் இறந்த பிறகு இரண்டு பசுக்களை வைத்துப் பால் ஊற்றிப் பிள்ளைகளை வளர்த்தவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அங்கே போய் மாடுகளின் குளம்பு சீவிக் கொடுப்பார். ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும்தான் கூலி. வேறெதையும் அவர் வாங்கியதில்லை.

படத்தில் இருக்கிற பசுவின் பெயர் சீதேவி. கண்காட்சிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அதன் இடது பின்னங்கால் மூட்டு வீங்கியது. அன்று அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோன நான் கொட்டில் வாசலில் நின்றேன். முதலாளி உள்ளே இருந்தார். அவர் சிங்களவர், தமிழ் பேசுவார்.

"தனபால், இந்தக் கால் என்ன?"

"மூட்டுல நீர் கோத்திருக்கு சேர். எழும்பவே கஷ்டப்படுது. இந்த வருஷம் இவள விட்டுருவோம்."

"பேர் குடுத்தாச்சு. நீ கை வெச்சா சரியாகும்."

"பார்வைக்குச் சரியாகும் சேர்."

"பரிசு பார்வைக்குத்தானே." முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "மகள் ஏ.எல். பரீட்சை எழுதுறா, இல்லையா? எப்ப?"

"இன்னும் நாலு மாசம் சேர்."

"புது மெனேஜருக்கு ஒரு வீடு வேணும். நீ இருக்கிற பண்ணை வீட்டைத்தான் நினைச்சேன். கப் வந்தா அந்தக் கதை இல்லை. ஹரித? சரிதானே?"

அப்பா தேத்தண்ணிப் போத்தலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நீ போய்ப் படி," என்றார். நான் போய்ப் படித்தேன்.

சீதேவியின் காலில் அவர் செய்ததைப்போல நேர்த்தியான வேலையை அதற்கு முன்னும் பின்னும் செய்ததில்லை என்று பண்ணையில் இன்றும் சொல்கிறார்கள். வீக்கத்தின் மேல் தோல் தெரியாத அளவுக்கு ஒட்ட வெட்டி, மேலும் கீழும் முடியை ஏற்றி, இரண்டையும் ஒரே கோட்டில் கொண்டுவந்திருந்தார். நோவு தெரியாமலிருக்க ஊசி போட்டது யாரென்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. சீதேவி நொண்டாமல் நடந்தாள். நடுவர் கால்களைப் பற்றி மட்டும் ஒலிவாங்கியில் இரண்டு நிமிடம் பேசினார்.

கால் கெட்ட மாட்டை முதலாளி எத்தனை நாள் வைத்திருப்பார்? பரிசு கிடைத்த மைதானத்திலேயே விலை பேசினார். வாங்க முன்வந்தவர் பாயிஸா. தன் இரண்டு பசுக்களையும் விற்றுவிட்டு, நல்ல இனமாக ஒன்று வாங்கத்தான் அவர் வந்திருந்தார்.

"என்ன அண்ணே, வாளி ரெடியா? கழுவுங்க பாப்பம்."

"நனைக்க வேணாம், போட்டோ எடுக்கணும்," என்றார் முதலாளி.

படம் எடுத்தார்கள். இந்தப் படம்தான்.

"சரி, போட்டோவும் முடிஞ்சி. இப்ப கழுவலாம்தானே?"

அப்பாவின் கையில் வாளி இருந்தது. ஆவி பறந்தது. முதலாளி ரிபனைச் சரிசெய்தபடி அவரைப் பார்த்தார். பள்ளிக்கூடச் சீருடையில் நானும் அங்கேதான் நின்றேன்.

"தேவையில்ல தங்கச்சி," என்றார் அப்பா. "வீட்டுக்குப் போனதும் சுடுதண்ணியில கழுவி விட்டுருங்க. தோல் வெந்துரும்."

"நீங்க சொல்றதெண்டா சரி அண்ணே."

அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மாட்டிடம் போனார்.

அன்று பொழுதுபட்டதும் தன் வீட்டு முற்றத்தில் சீதேவியின் காலைக் கழுவியது பாயிஸாவின் கை. வீக்கம் அந்தக் கைக்குத்தான் தட்டுப்பட்டது. அவர் பண்ணைக்கு வந்து சண்டை பிடிக்கவில்லை. ஐந்தாவது கிழமை சீதேவி படுத்தாள், பிறகு எழும்பவில்லை. பால் லொறிக்காரர் சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை குளம்புக் கத்தியை எடுத்துக்கொண்டு போனார், ஏதோ வழக்கமான வேலைக்குப் போகிறவரைப் போல. கொட்டில் வெறுமையாக இருந்தது. அதற்குள் சீதேவியை இறைச்சிக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அங்கே நடந்ததை என் அம்மா ஞானேஸ்வரியிடம் அவர் ஒருமுறைதான் சொன்னார். நான் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தேன்.

"தேத்தண்ணி குடுத்துச்சு. 'ஒங்கட கையில வாளி இருந்திச்சே அண்ணே'ன்னு கேட்டுச்சு. வேறொண்ணும் சொல்லல."

"அதுக்கு நீங்க என்னா சொன்னீங்க?"

"தேத்தண்ணிய குடிச்சிட்டு வந்தேன்."

அதோடு அவர் இந்த வேலையை விட்டுவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். விடவில்லை. நான் பரீட்சை எழுதினேன். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பட்டம் எடுத்தேன். அப்பா மேலும் மூன்று கிண்ணங்களை முதலாளியின் அலுமாரிக்கு வென்று கொடுத்தார். விட்டது ஒன்றுதான்: கழுவிப் பார்த்து வாங்குங்க என்று யாரிடமும் அவர் பிறகு சொல்லவில்லை. தெல்தோட்டை பஸ்ஸில் பாயிஸா ஏறினால் அடுத்த தரிப்பில் இறங்கி நடப்பார்.

போன மாதம், பால் கறக்கும் நேரத்தில், ஒரு கன்றுக்கு மேலே சாய்ந்து விழுந்து இறந்தார். மாரடைப்பு என்றார்கள். ஐம்பத்திரண்டு வயது. பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர்கள் அவருக்குக் காலுறையும் சப்பாத்தும் போட்டிருந்தார்கள். சாணித் தண்ணீரில் வெடித்த அந்தப் பாதங்கள் ஒருபோதும் சப்பாத்தை அறிந்ததில்லை. கழற்றச் சொன்னேன். பெட்டிக்கு அழகாக இருக்காது என்றார்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பெனர் அடித்துப் பண்ணை வாசலில் கட்டியது முதலாளி. மாலையில் வந்து கதிரையில் உட்கார்ந்து, இந்த மாகாணத்தில் மாட்டுக் காலுக்கு இவனைப்போல் கை இல்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். போகும்போது அம்மாவைக் கூப்பிட்டார்.

"முப்பத்தோராம் நாள் காரியம் முடிஞ்ச பிறகு வீட்டைக் குடுத்தால் போதும். அவசரம் இல்லை."

அம்மா தலையை ஆட்டினார். முதலாளி கைகூப்பிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு பாயிஸா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியில் கிடந்தவரைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த படத்திடம் போனார்.

"இந்தப் படத்தையா வெச்சீங்க மகள்?"

"வேற படம் இல்லீங்க."

"அந்தக் காலுக்கு முன்னாலதான் நிக்கிறார்." முந்தானையை இழுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். "ஏழு வருஷம். வந்து ஒரு சொல்லு கேட்டிருந்தா மன்னிச்சிருப்பேன். ஆள் கேக்கவே இல்லையே."

"நான் கேக்குறேன்," என்றேன். "எனக்காகத்தான் அப்படிச் செஞ்சாரு. கப் வராட்டி வீட்ட எடுத்துருவேன்னு முதலாளி சொன்னாரு. எனக்குப் பரீட்சை இருந்திச்சி. அன்னைக்கு நானும் பக்கத்துலதான் நின்னேன். எனக்கும் தெரியும்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"எந்த ஊட்ட?"

"இந்த வீட்டத்தாங்க. முப்பத்தொண்டு முடிஞ்சதும் குடுக்கணும்னு இப்பத்தான் சொல்லிட்டுப் போறாரு."

பாயிஸா நிமிர்ந்து பார்த்தார். மழைக்கு ஒழுகிக் கறுத்த தகரத்தை, அலுமாரியை நகர்த்தி மறைத்திருந்த சுவர் வெடிப்பை, பெட்டி வைத்தபின் நாலு பேர் நிற்க இடமில்லாத அறையை. எல்லாவற்றையும், வாங்க வந்த மாட்டைச் சுற்றிப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இதுக்கா மகள்?" என்றார்.