மேலேருந்து படி

“மேலேருந்து படிம்மா. ஒரு எழுத்து வுடாத.”

கோவர்த்தனன் இதைச் சொல்லும்போது திரையைப் பார்ப்பதில்லை. முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு காதை மட்டும் கொடுத்து உட்கார்ந்திருப்பார். லேப்டாப்பைக் கொண்டுவந்த பிள்ளை, கறுப்புத் திரையில் நிற்கும் வெள்ளை எழுத்துகளைத் திக்கித் திக்கிப் படிக்கும். ரூட் டிவைஸ் டஸ் நாட் எக்ஸிஸ்ட். டிராப்பிங் டு எ ஷெல். “ஆங், அதான். மிஷினு சாவல. வூட்டுக்குப் போற வழி தெரியாம நின்னுக்கினு கீது” என்பார். அதற்குள் விரல்கள் கீபோர்டில் ஓட ஆரம்பித்திருக்கும்.

திருப்பதி கொர்லகுண்டாவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது கடை. இரண்டு ஸ்டூல் போட்டால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். லினக்ஸ் என்ற பேரைக் கேட்டாலே மற்ற கடைக்காரர்கள், “அத்தத் தூக்கிட்டு விண்டோஸ் போட்டுத் தரேன்” என்பார்கள். உள்ளே இருப்பதெல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும். தலைவலிக்குத் தலையையே எடுக்கிற வைத்தியம் அது. ஆகவே ஆராய்ச்சி மாணவர்கள் ஒருவர் சொல்லி ஒருவராக இங்கே வந்து சேருகிறார்கள்.

கோவர்த்தனன் நகரிக்காரர். விசைத்தறிச் சத்தத்திலேயே வளர்ந்ததால் ரகசியத்தைக்கூட உரக்கத்தான் சொல்வார். தெலுங்குப் பிள்ளைகள் வந்தால் “படிம்மா” என்பது “சதுவம்மா, சதுவு” என்று பாஷை மாறும். லேப்டாப்பின் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார், ஃபேனுக்குக் காது கொடுப்பார். டீயில் சர்க்கரை கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவார். கூட வருகிற இரண்டு பன்னைப் பற்றிக் கேட்டால், “டீல சக்கர இல்லியேப்பா” என்று நியாயம் பேசுவார்.

படிக்கச் சொல்வதைப் பிள்ளைகள் பாடம் என்று எடுத்துக்கொண்டார்கள். தங்கள் மிஷினின் பாஷை தங்களுக்கே புரிய வேண்டும் என்றுதான் அண்ணா இப்படிச் செய்கிறார் என்று ஹாஸ்டலில் பெருமையாகப் பேச்சு. அவர் மறுத்ததில்லை. சிரித்து வைப்பார்.

உண்மையில் அவருக்குப் படிக்கத் தெரியும், பார்க்கத்தான் முடியாது. சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது. இடது கண்ணில் ரத்தம் கசிந்து ஒரேயடியாக இருட்டிப்போனது. வலது கண்ணில், வெளிச்சத்துக்கு எதிரே ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர். ஒரு தடவை போட்டுக்கொண்டார். அடுத்த தடவைக்குக் கிளம்பிப் போனவர், பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார். “ஊசி வர்றத எதிர்லயே பாத்துக்கினு எப்பிடி குந்துறது?” கோழைத்தனம்தான், அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டாம். பைக்கை விற்றபோது, ரோடு சரியில்லை என்று தெருவுக்குச் சொன்னார். இப்போது மனைவி அகிலாதான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டு, கூட்டிக்கொண்டு போகிறாள். விஷயம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

“சொல்லிடேன்யா, கண்ணு தெரிலன்னு. ஆரு இன்னா பண்ணப் போறாங்க?”

“சொன்னா, அப்பால ஆரு என்னாண்ட மிஷின குடுப்பான்?”

அகிலா ஸ்கூட்டரை எடுத்தாள்.

கார்த்திகை மழை தொடங்கிய நேரத்தில் ரக்ஷிதா வந்தாள். நாகலாபுரத்துப் பெண். ஏர்பேடு பக்கத்துப் போர்க்கிணறுகளில் தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் இரண்டு வருடமாக அளந்து வைத்திருந்தவள். அத்தனையும் அந்த லேப்டாப்பில் இருந்தது. “காப்பி எடுக்கணும் எடுக்கணும்னு நெனச்சிக்கினே இருந்தேண்ணா” என்றாள். டிஸ்க் சாகக் கிடந்தது, ஆனால் சாகவில்லை. அதைக் கழற்றித் தன் மிஷினில் மாட்டி, பக்கத்தில் புது டிஸ்க் ஒன்றையும் மாட்டினார். பழையதை அப்படியே புதியதில் இறக்கிவிட்டால் பிழைத்தது. டிஸ்குகளுக்கு மிஷின் வைக்கும் பெயரில் கடைசி எழுத்து மட்டும்தான் மாறும். ஒன்று பி, இன்னொன்று டி.

“பழசு எதும்மா?”

அவள் திரையைப் பார்த்துச் சரியாகத்தான் சொன்னாள், “பி” என்று. அதே நேரம் யாத்திரிகர் பஸ் ஒன்று சந்தில் பின்னால் வந்துகொண்டே ஹார்ன் அடித்தது. அவர் காதில் “டி” என்று விழுந்தது. முழுசாக நிச்சயமில்லை. இன்னொரு தபா கேட்டிருக்கலாம். ஆனால் திரை கண்ணெதிரே இருக்கிறபோது இரண்டாவது தடவை கேட்டால் இந்தப் பெண் என்ன நினைப்பாள்? கேட்கவில்லை. டியிலிருந்து பிக்கு என்று தட்டி எண்டரை அமுக்கினார். புது டிஸ்கின் வெறுமை, இரண்டு வருடத்துத் தண்ணீர்மேல் இறங்க ஆரம்பித்தது.

சாயங்காலம் அவள் வந்து, லேப்டாப்பில் மாட்டிய புது டிஸ்கை முடுக்கிப் படித்தாள். நோ பூட்டபிள் டிவைஸ். பழையதை மாட்டியும் படித்தாள். அதே வரி. இரண்டு டிஸ்கும் காலி. கோவர்த்தனனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாய் மட்டும் தயங்காமல் பொய் சொன்னது.

“டிஸ்க் போயிடுச்சிம்மா. நான் தொட்றதுக்கு முந்தியே போயிக்கினு இருந்துச்சி.”

ரக்ஷிதா லேப்டாப்பை மூடினாள். போன மழையை யாரும் மறுபடி அளக்க முடியாது. பிறகு, “பரவால்லண்ணா. நீங்க பாத்தீங்களே, அது போதும்” என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அகிலாவிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரமும் மழை விடவில்லை. ரக்ஷிதா இன்னொரு லேப்டாப்போடு வந்து நின்றாள்.

“என் ரூம்மேட்டுதுண்ணா. கிரப் ரெஸ்க்யூன்னு வந்து நின்னுட்ச்சி. அவ வேற கடைக்குப் போறேன்னு சொன்னா. போச்சின்னா போச்சின்னு உண்மைய மூஞ்சிக்கி நேரா சொல்றவரு இவருதான்னு சொல்லி நான் எட்தாந்தேன்.” மேசைமேல் வைத்துத் திறந்தாள். “படிக்கட்டா?”

அவர் தலையசைக்கவில்லை. கை மேசைமேல் தடவிக்கொண்டே போய் மூடியைக் கண்டுபிடித்து மெல்லச் சாத்தியது.

“வேணாம்மா. எட்துகினு போயிடு.”

வாசலில் சாரல் அடித்தது. கோவர்த்தனன் எழுந்தார். லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கி, வாசல் வெளிச்சத்தில் நிழலாகத் தெரிந்த உருவத்திடம் நீட்டினார். அது கதவு ஆணியில் தொங்கிய மழைக்கோட்டு. சாரலுக்கு ஒதுங்கிக் கடைக்குள்ளேயே எதிர்ச் சுவரோரமாக நின்றிருந்த ரக்ஷிதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கையை இன்னும் கொஞ்சம் நீட்டி, “புடிம்மா” என்றார்.