கழனியில் நங்கூரம் போட்ட கதை

காவல் கப்பல் வேலையில் கடத்தல்காரனைப் பிடிப்பதைவிட, சாப்பிடும்போது தட்டைப் பிடிப்பதுதான் கஷ்டம். அலையில் குப்புறப் படுத்துக் குமட்டிய பாவப்பட்டவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. நான் பாகூர் கழனிக்காரன் பிள்ளை. நாலு வார்த்தை பிரெஞ்சு தெரிந்த பாவத்துக்கு, புதுச்சேரிக் காவல் கப்பலின் தலைவரான பிரெஞ்சுத் துரைக்கு மொழிபெயர்க்க என்னை ஏற்றிவிட்டார்கள்.

புகை

எங்கள் கப்பல் கரியில் ஓடியது. கிளம்பினால் கரையோரம் முழுக்கப் புகை தெரியும். கடத்துகிறவன் சாவகாசமாகச் சரக்கை இறக்கி, வெற்றிலையும் போட்டு முடித்த பிறகுதான் நாங்கள் போய்ச் சேருவோம். ஒருநாள் மீன்பிடிக்கிறவர் ஒருவரின் கட்டுமரத்தை மறித்து, கடத்தல்காரர்களைப் பார்த்தாரா என்று துரை கேட்கச் சொன்னார். கேட்டேன். மனிதர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"உங்க பொகையைப் பார்த்துதான் எங்க வூட்ல ஒலை வெப்பாங்க. இன்னிக்கு ஏம்பா இவ்ளோ நேரம்?"

வரப்பு

ஓர் ஐப்பசிப் புயலில் பாகூர் ஏரி உடைந்தது. துரை நல்ல மனிதர். கப்பலின் படகை மாட்டுவண்டியில் ஏற்றி ஊருக்கே கொண்டுவந்துவிட்டார். வைக்கோல் போர் மேல் ஒரு குடியானவர் பட்டினியாக உட்கார்ந்திருந்தார். வெள்ளத்தின் இழுப்புக்குப் பயந்து மாலுமி நங்கூரத்தை வீச, அது அவருடைய வரப்பில் போய் மாட்டிக்கொண்டது. கை நீட்டினால் ஏறமாட்டேன் என்கிறார்.

"மொதல்ல அத்த எடுடா! வரப்பு பேந்துச்சுன்னா என் பங்காளி பாதிக் கழனியைத் தன்னுதுன்னுவான்!"

எல்லை

பனைவரிசைக்கு அப்பால் இங்கிலீஷ்காரன் எல்லை. அங்கே ஒரு கூரையின் முகட்டில் நிறைமாதக்காரி ஒருத்தி வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். புருஷன் தாங்கிப் பிடித்திருந்தான். கீழே மண்சுவர் கரைந்துகொண்டிருந்தது. துரை துடுப்பை நிறுத்தச் சொன்னார். பிரெஞ்சுக் கொடியோடு அனுமதியில்லாமல் அந்தப் பக்கம் போனால் அவர் வேலை போய்விடுமாம். அதை எந்த வாயால் அவளிடம் சொல்வது? சொன்னேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள்.

"உங்க ஏரித் தண்ணிதானேடா எங்க வூட்டுக்குள்ள பூந்துச்சு! அது யாரைக் கேட்டுக்கினு வந்துச்சு?"

அதையும் துரைக்கு மொழிபெயர்த்தேன். கடத்தலைத் தடுக்கச் சம்பளம் வாங்கிய நாங்கள், கொடியை மடித்துப் பலகைக்கடியில் செருகிவிட்டு, இங்கிலீஷ்காரன் ஊரிலிருந்து ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, பாதி வழியில் படகிலேயே பிறந்த ஒரு பிள்ளை என்று மூன்று உருப்படிகளைப் பட்டப்பகலில் கடத்திக்கொண்டு வந்தோம்.