கணக்கில் வராத ஞாயிறு

சாக்லேட் மேல் எனக்கு வரும் ஆசை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தே தீருவது என்று கொஞ்ச காலம் அலைந்தேன். வயிற்றிலிருந்து வரவில்லை என்பது மட்டும் நிச்சயம். மத்தியானம் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கல்லூரி அலுவலகத்தில் என் மேசைக்குத் திரும்பி, சேர்க்கை விண்ணப்பங்களை எடுத்து வைத்ததும் வந்துவிடும். பசி என்றால் வயிறு கூப்பிடும். இது நாக்கின் அடியில் ஊறும். பிறகு கை தானாகக் கைப்பைக்குள் போகும். சில நாள் என் கையையே நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும் அல்வாவுக்குப் பேர்போன ஊரில் பிறந்தவள் நான். வெளியூர்ச் சொந்தங்களுக்குக் கொடுத்துவிட ஜங்ஷனில் நெரிசலில் நின்று வாங்குவேன். சூடான பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டை வரை பஸ்ஸில் வருவேன். ஒரு விள்ளல் கிள்ளிப் பார்க்கலாம் என்று தோன்றியதே இல்லை. வீட்டில் எல்லோரும் வாங்கிச் சாப்பிடும்போது நானும் ஒரு துண்டு சாப்பிடுவேன், விரலை நக்குவேன், அதோடு மறந்துவிடுவேன். சர்க்கரையும் நெய்யும் சாக்லேட்டைவிட அதில் குறைச்சலா என்ன? ஆனால் அல்வா சாப்பிட்டு நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். அல்வாவை ஒளித்துச் சாப்பிட முடியாது. கை பிசுபிசுக்கும், வீடு முழுக்க மணக்கும், வாசலில் நிற்பவருக்கும் கொஞ்சம் நீட்ட வேண்டியிருக்கும். சாக்லேட்டைத் தையல் மெஷின் டிராயருக்குள் நூல்கண்டோடு போட்டு மூடிவிடலாம். நான் அங்கேதான் வைத்திருந்தேன்.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் காரணம் ஐகிரவுண்டுப் பக்கம் நான் பார்க்கும் டாக்டர். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, “சர்க்கரை வாசல் வரைக்கும் வந்துட்டு. உள்ள கூப்பிடப் போறியளா, வெரட்டப் போறியளா?” என்று கேட்டார். எடையைக் குறைக்கச் சொன்னார். இல்லாவிட்டால் மாத்திரைதான் என்றார். எனக்கு மாத்திரை என்றாலே பயம். ஒன்றில் ஆரம்பித்தால் டப்பா நிறையும்வரை அது நிற்காது என்று எங்கள் குடும்பத்தில் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சமயம் பார்த்து, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் உபவாசமான லெந்து காலம் வந்தது. எங்கள் சபையில் பெரிய வெள்ளி வரைக்கும் ஆளுக்கு ஒன்றை விடுவார்கள். கறியை விடுகிறவர்கள் உண்டு, காப்பியை விடுகிறவர்கள் உண்டு, சீரியலை விட்டுவிட்டு எந்நேரமும் அதைப் பற்றியே பேசுகிறவர்களும் உண்டு. என் வீட்டுக்காரர் வருஷாவருஷம் டீயை விடுவார். வீடே அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். இந்தத் தடவை நான் சாக்லேட்டை விடுகிறேன் என்றேன்.

“ஆண்டவருக்காவா, டாக்டருக்காவா?” என்றார் அவர்.

“ரெண்டு பேருக்கும் சேத்துத்தான். ஒங்களுக்கு என்ன நட்டம்?”

எங்கள் மகள் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். கணக்கு நோட்டில் தலையைக் கவிழ்த்தபடியே சிரித்தாள். வீட்டில் நடப்பது எதுவும் தன் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்கிற பிள்ளை அவள்.

விட்ட பிறகுதான் விசாரணை சூடு பிடித்தது. லெந்து நாட்களில் ஞாயிற்றுக்கிழமை கணக்கில் வராது என்பது எங்களில் எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள், அதில் உபவாசம் கிடையாது. கறியை விட்டவர்கள் அன்றைக்குக் கறிக்கடை வாசலில் நிற்பதைப் பார்க்கலாம். நானும் ஆராதனை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு டிராயரைத் திறந்தேன். உட்கார்ந்து, உரிமையோடு, ஒன்றைச் சாப்பிட்டேன். சும்மா இருந்தது. இனிப்பாக, மெழுகு மாதிரி, பல்லில் ஒட்டிக்கொண்டு. இதற்கா இத்தனை நாள் தவித்தேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது. அடுத்த ஞாயிறும் அப்படியே. ஆனால் திங்கட்கிழமை அலுவலகத்தில் அதே நாக்கு, அதே ஊறல், அதே கை. சாப்பிடலாம் என்ற நாளில் வராத ஆசை சாப்பிடக் கூடாது என்ற நாளில் மட்டும் எப்படி வருகிறது? ஒருநாள் ஒரு சாக்லேட்டை மேசை மேல், கண்ணுக்கு எதிரிலேயே வைத்து, என்னதான் செய்கிறது பார்ப்போம் என்று வேலை பார்த்தேன். பக்கத்து மேசைக்காரி அதை எடுத்து உரித்து வாயில் போட்டுக்கொண்டு, “ஏக்கா, எனக்குத்தான வச்சிருந்திய?” என்றாள். அன்றைய பரிசோதனை அதோடு சரி.

தோற்ற நாட்களும் உண்டு. அலுவலகத்திலிருந்து வந்து, கதவுக்குப் பின்னால் நின்றபடி, தாளைச் சத்தமில்லாமல் பிரித்துச் சாப்பிடுவேன். அப்போதுதான் அது ருசியாக இருக்கும். ருசி தொண்டையைத் தாண்டும் முன்பே நெஞ்சில் குறுகுறுப்பு வந்துவிடும். அதையும் கவனித்தேன். இரண்டும் ஜோடியாகத்தான் வந்தன. ராத்திரி இட்லித் தட்டை என் பக்கம் தள்ளினால், “எனக்கு வேண்டாம். இன்னைக்குப் பாவம் பண்ணிட்டேன்” என்பேன். வேடிக்கையாகத்தான் சொல்வேன். வீட்டுக்காரரும் சிரிப்பார். இட்லியை விட்டுவிட்டுப் படுத்தால் மனசுக்கு ஒரு நிம்மதி கிடைக்கும். கொடுத்தது வாங்கியது சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். அந்த நிம்மதி எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் இன்று நினைத்தாலும் விசித்திரமாக இருக்கிறது.

மகளின் பிறந்தநாள் அந்த நாட்களுக்கு நடுவில், ஒரு புதன்கிழமை வந்தது. பிறந்தநாளுக்குப் பள்ளியில் கலர் டிரஸ் போடலாம். வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுக்க வேண்டும். டீச்சர்மாருக்கு இரண்டிரண்டு. அவள் கொடுத்து முடித்ததும் தோழிகள் ஆளுக்கு ஒன்றைப் பிரித்து அவள் வாயில் ஊட்டுவார்கள். அது இல்லாமல் பிறந்தநாள் நிறையாது. சாயங்காலம் அவளோடு வந்த தோழி என்னிடம் புகார் சொன்னாள். “ஆன்ட்டி, இவ ஒண்ணுகூட வாயில வைக்கல. நாங்க ஊட்டப் போனா வாயப் பொத்திக்கிடுதா.”

“ஏட்டி, ஏன்?” என்றேன்.

“வேண்டாம்னு இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு, மிச்சம் இருந்த டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவைப் பார்த்துப் பிள்ளையும் லெந்து அனுசரிக்கிறது, அதுவும் சொந்தப் பிறந்தநாளில், என்னைவிட ஒழுங்காக! ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நின்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன். “ஒங்க மவ தேவலையே! எங்க வீட்டுல ஒண்ணும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு” என்றார் ஒரு அக்கா. வரும் வழியெல்லாம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்த டப்பாவைத் திறந்து அவளிடம் நீட்டினேன். “இன்னைக்குக் கணக்குல வராதுட்டி. எடு” என்றேன். அவள் டப்பாவையும் என்னையும் பார்த்தாள். ஒன்றை எடுத்துப் பிரித்தாள். நானும் ஒன்றை எடுத்தேன். அவள் பையப் பைய, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். எவ்வளவு ஆசையை அடக்கி வைத்திருந்திருக்கிறாள் என்று அப்போது தெரிந்தது. பாவமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இன்னொன்று வேண்டுமா என்று கேட்டேன். எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பு. அவளுக்கு உயிர். சோற்றை வடித்து இறக்கி, தட்டுகளை வைத்தேன். அவள் அப்பாவோடு வந்து உட்கார்ந்து, தன் தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

“எனக்குச் சோறு வேண்டாம்மா. ரெண்டு சாக்லேட் சாப்பிட்டேம்லா. பாவம் பண்ணியாச்சு.”

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் சொல்லும் அதே வார்த்தை, சிரிப்பு மட்டும் இல்லை.

“அன்னைக்கு ஸ்கூல்ல சாப்பிடாம இருந்தது இதுக்காட்டி?” என்று கேட்டேன்.

“சாப்பிட்டா ராத்திரி பிரியாணி வேண்டாம்னு சொல்லணும்லா. பிறந்தநாளும் அதுவுமா சொன்னா அப்பா ஏன்னு கேப்பாங்க.” சொல்லிவிட்டு, நான் ஒன்றும் புரியாமல் நிற்பதைப் பார்த்து அவளே விளக்கினாள். “நீங்களும் இப்படித்தான செய்யுதிய?”

அவள் தட்டுகளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவளுக்கு ஒரு தட்டு, அவள் அப்பாவுக்கு ஒரு தட்டு. காலையில் சாக்லேட் சாப்பிட்டதால், கணக்கில் வராத நாளிலும், எனக்கு நான் தட்டு வைத்திருக்கவில்லை. வைக்காமல் விட்டதுகூட எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கு அவ்வளவு பயம் அந்த ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தபோதுகூட வந்ததில்லை. வளருகிற பிள்ளை. அவளுக்குப் பாடமாகச் சொல்ல வாய்வரை வந்ததையெல்லாம் விழுங்கினேன். என்ன சொன்னாலும் இவள் கேட்க மாட்டாள், பார்ப்பாள். போய் ஒரு தட்டை எடுத்து வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன், பிசைந்து சாப்பிட்டேன். நன்றாகப் பசித்திருந்தது. ஒவ்வொரு உருண்டையும் வாய்க்குப் போகும்போது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தையை நான் எப்போது சொல்வேன் என்று காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நான் சொல்லவில்லை. இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டபோது அவள் தட்டை நிமிர்த்தினாள்.

“கொஞ்சமா வைங்க” என்றாள்.

வைத்தேன். இன்னொரு கரண்டி எடுத்தபோது, “போதும்” என்று தட்டின் மேல் கையை விரித்தாள். அந்தப் ‘போதும்’ அவள் வயிறு சொன்னதா, என்னிடம் கற்றுக்கொண்டதா என்று எனக்குத் தெரியவில்லை. கரண்டியைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.