புதன்கிழமை அறுக்கிறாங்க

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: மேஜைமேல் ஒருக்களித்துப் படுத்திருந்த நான், எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரம்மா, அவர் கேட்டதை எடுத்துக் கொடுத்த நர்ஸ். கதவுக்கு வெளியே பெஞ்சில் என் வீட்டுக்காரரும் அவர் தங்கையும். ஆக ஐந்து பேர். ஆறாவதாக ஒருவர் அதே நேரத்தில் ஆரணியில், பூட்டியிருந்த எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அவரைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தறியில் உட்கார்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கவலைப்படுவதற்கு எனக்குக் காரணமே வேண்டாம். பஸ் ஏறினால் காஸை மூடினேனா என்று பயம். மழை பெய்தால் தறிக்குழியில் தண்ணீர் இறங்குமோ என்று பயம். கட்டிக்கொடுத்த மகள் இரண்டு முறை போன் எடுக்காவிட்டால் அவள் மாமியாருக்கே போன் போட்டுவிடுவேன். இத்தனைக்கும் பயந்த நான், வலது இடுப்பில் பாவாடை நாடாவை முடிச்சுப் போடும் இடத்தில் இருந்த புண்ணுக்கு மட்டும் பயப்படவில்லை.

அதற்கும் காரணம் உண்டு. எங்கள் தெருவில் சேலை கட்டுகிற எல்லாருக்கும் இடுப்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு தடம் இருக்கும். குழியில் காலை விட்டு மிதித்து நெய்யும்போது பாவாடை நழுவக் கூடாது என்று நாடாவை இழுத்து இறுக்கித்தான் கட்டுவோம். எனக்கு அந்தத் தடத்தில் முதலில் அரித்தது, பிறகு வெடித்தது. குளிக்கும்போது பொருக்கு உதிரும். ஆறுவது போல் இருந்து மறுபடியும் கசியும். மஞ்சள் வைத்தேன், தேங்காய் எண்ணெய் தடவினேன். ஒரு வாரம் நாடாவைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டிப் பார்த்தேன். எட்டாம் நாள் கை தானாகப் பழைய இடத்துக்கே போய்விட்டது.

என் நாத்தனார் களம்பூரில் அரிசி மில்லில் வேலை செய்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் கொடியில் இருந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னா அண்ணி இது, பாவாடையில கறை?"

"நாடா உராஞ்சுது. ஆறிடும்."

"எத்தினி நாளா?"

"போன வருஷம் ஆடியில ஆரம்பிச்சுது."

"அதுக்கப்புறம் இன்னொரு ஆடியே வந்து போயிடுச்சு! கரண்ட் பில்லு கட்டுனமா இல்லையான்னு நாலு வாட்டி பாக்கத் தெரியுது. சொந்த இடுப்ப பாக்கத் தெரியலயா உனக்கு?"

மறுநாள் லீவு போட்டு அவளே என்னை அழைத்துக்கொண்டு போனாள். உள்ளூரில் பார்த்த தோல் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே புண்ணிலிருந்து ஒரு துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தோல் புற்றுநோய் என்று வந்தது.

"கேன்சர்னா பீடி, பொகையிலன்னுதான் சொல்லுவாங்க. நான் வெத்தலகூடப் போடமாட்டேனே" என்றேன்.

"இது நாடாவால வந்தது" என்றார் டாக்டரம்மா. "ஒரே இடத்துல வருஷக்கணக்கா இறுக்கிக் கட்டினா புண் வரும். அது ஆறாமலே கெடந்தா யாரோ சில பேருக்கு இப்படி மாறிடும். எல்லாருக்கும் இல்ல."

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் மெதுவாகத் தன் வேட்டி முடிச்சைத் தொட்டுப் பார்த்து, கொஞ்சம் தளர்த்திக்கொண்டார்.

டாக்டரம்மா ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். புண்ணை மட்டும் எடுக்கமாட்டார்களாம். சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்களாம். அந்தத் துண்டின் ஓரத்தில் நோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் இதோடு முடிந்தது. இருந்தால் மறுபடியும் கத்தி வைக்க வேண்டும், வேறு எங்கேயாவது பரவியிருக்கிறதா என்றும் தேட வேண்டும். அன்றிலிருந்து எனக்கு ஓரம், ஓரம் என்பதே நினைப்பாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து வெட்டி எடுப்பதை நாங்கள் அறுப்பது என்போம். எங்களுக்குப் பட்டு கொடுத்துச் சேலையாக வாங்கிக்கொள்ளும் முதலாளி அந்த வாரம் போன் செய்தார்.

"இன்னாம்மா, எப்ப அறுக்கிறீங்க?"

வீட்டுக்காரர் அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். "புதன்கிழமை அறுக்கிறாங்கண்ணா."

"இவ்ளோ லேட்டா? முன்னாடியே அறுத்திருக்கணும்."

"பயமா இருந்துச்சுங்கண்ணா."

"இதுல இன்னாம்மா பயம்? எத்தினி பாத்திருப்ப நீ! ஓரம் மட்டும் சுத்தமா வரணும், அத பாத்துக்க."

போனை வைத்தபின்தான் யோசித்தேன். ஓரத்தைப் பற்றி இவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறதே! எத்தினி பாத்திருப்ப என்று ஏன் சொன்னார்? எனக்கு முன்பே எங்கேயாவது வந்து போயிருக்கிறதா? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடமும் கேட்கவில்லை, கேட்டால் ஏதாவது பதில் வந்துவிடுமே.

புதன்கிழமை இடுப்பைச் சுற்றி மரத்துப்போகிற ஊசி போட்டார்கள். வலி இல்லை. யாரோ என் உடம்பைத் துணி போல இழுப்பது மட்டும் தெரிந்தது.

"டாக்டரம்மா, ஓரம் சுத்தமா இருக்குதா?"

"அது கண்ணால பாத்தா தெரியாதும்மா. ரிப்போர்ட் வரணும்."

"சும்மாவாச்சும் இருக்குதுன்னு சொல்லுங்களேன்."

நர்ஸ் முகமூடிக்குள் சிரித்தார். அப்போதுதான் வெளியே வீட்டுக்காரரின் போன் அடித்தது. தறிச் சத்தத்திலேயே பேசிப் பழகியவர், மெதுவாகப் பேச வராது.

"வூட்டாண்டயா நிக்கிறீங்க? இன்னாது, சேலையா? இன்னும் ரெண்டு மொழம் பாக்கி இருக்குதுங்களே! யாரு சொன்னது அறுக்கிறோம்னு? அய்யய்யோ... அறுக்கிறது சேலைய இல்லீங்க, என் பொண்டாட்டிய!"

டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றது. எனக்கு எல்லாம் புரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்காதம்மா, தையல் போட்டுகினு இருக்கேன்" என்றவர் தானும் சிரித்துவிட்டார். அந்த மாதத்தில் நான் சிரித்தது அது ஒரு தடவைதான்.

நான்காம் நாள் முதலாளி ஆப்பிளோடு வந்தார். "ஏம்மா, நோவுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? சேலை கெடக்கட்டும், ஜல்தி ஒண்ணுமில்ல" என்றவர் என் முகத்தைப் பார்க்காமல் தறியைப் பார்த்தே பேசினார்.

இடுப்பில் எதையும் கட்டக் கூடாது என்று நைட்டியிலேயே இருந்தேன். இருமல் வந்தால் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். பார்க்க வந்த பெண்கள் விஷயம் கேட்டதும் தெருக்கதவைச் சாத்திவிட்டு, ஒருவர் இடுப்பை ஒருவர் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு மருமகளுக்கு லேசாக வெடித்திருந்தது. அவளை அன்றைக்கே டாக்டரிடம் துரத்தினோம். ஒன்றுமில்லை என்று களிம்பு கொடுத்தார்களாம்.

தையல் பிரித்தும் ரிப்போர்ட் வரவில்லை. ஒவ்வொரு நாளும் ஓரத்தில் இருக்கிறது என்று ஒரு தடவை, இல்லை என்று ஒரு தடவை எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இருக்கிறது என்பதுதான் உண்மையைப் போலக் கேட்கும்.

மூன்றாவது வாரம் நாத்தனாரும் நானும் போனோம். டாக்டரம்மா காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நாலு பக்கமும் சுத்தம். அடியிலயும் சுத்தம்."

"எந்த வரியில இருக்குது?"

இங்கிலீஷில் இருந்த ஒரு வரியை விரலால் காட்டினார். அதைத் தொட்டுப் பார்த்தேன். நாத்தனார் போனில் போட்டோ எடுத்துக்கொண்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும், நாடா மட்டும் கூடவே கூடாது என்றார்கள். அதனால் இப்போது நாடா இல்லாமல் தொளதொளவென்று எலாஸ்டிக் வைத்துத் தைத்த சுடிதாரில் தறியில் உட்காருகிறேன். இந்த வயதில் அந்த வேஷமா என்று யாராவது கேட்பார்கள் என்று பயந்தேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. காற்று நன்றாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நாத்தனாரைக் கேட்டேன்.

"காப்பீட்டு அட்டையில ஆபரேஷனுக்குத்தான குடுத்தாங்க? மத்ததெல்லாம் யாரு கட்டுனது?"

"நான்தான். மில்லுல முன்பணம் வாங்குனேன். இத்தினி நாளு கேக்காம இப்ப கேக்குற பாரு!"

"உயிரு இருக்குமான்னு தெரியாம கடன எப்படிக் கேக்குறது? எவ்ளோ?"

"பதினோராயிரத்து நானூறு. வுடு அண்ணி, மெதுவா குடு."

இந்த வாரம் வரை எட்டாயிரம் கொடுத்துவிட்டேன். அவளுக்கு இன்னும் தர வேண்டியது மூவாயிரத்து நானூறு ரூபாய்.