ஏழு தரம் கழுவிய அரிசி

அருமைநாயகியக்காவின் பிள்ளை அழும்போது வாய் மட்டும் திறந்தது, சத்தம் வரவில்லை.

கொழும்புத்துறையில் ஷெல் விழத் தொடங்கிய பிறகு, தொண்ணூற்றிரண்டில், உடுப்பிட்டியில் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்தவர் அவர். புருசன் வன்னியில் அகப்பட்டிருந்தார். பிள்ளைக்கு மூன்று மாதம். நிவாரணத்தில் கிடைத்த தீட்டிய வெள்ளையரிசியில் புழுவும் சாக்கு மணமும் இருக்கும். அக்கா சுத்தக்காரி, தண்ணீர் தெளியும்வரை ஏழு தரம் தேய்த்துக் கழுவுவார். கழுநீரும் வடித்த கஞ்சியும் பக்கத்து வீட்டுப் பராசக்தி மாமியின் மாட்டுக்குப் போகும். பிள்ளைக்கு மாந்தம் பிடிக்குமென்று பருப்புச் சாப்பிடுவதையும் விட்டிருந்தார்.

"உன்ரை கழுநீரிலை என்ரை மாடு புதுமாப்பிளை மாதிரி மினுங்குது. நீதான் வத்திப் போறாய்," என்பார் மாமி.

பிள்ளை குடித்த பாலைக் கக்கியது. குரல் கம்மி, பிறகு இல்லாமலே போனது. கண்ணூறு என்று அக்கா செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டார். மறுநாள் காலை மருத்துவிச்சி பெர்னடெட் மிசி வந்தார். பிள்ளையைப் பார்த்தவர், தாயின் காலையும் பார்த்தார்.

"கால் எரியுதோ?"

"ஓம் மிசி. விறைக்குது."

"குந்தி எழும்பு பாப்பம்."

அக்கா குந்தினார். கதவு நிலையைப் பிடிக்காமல் எழும்ப முடியவில்லை. மிசியின் கண் கழுநீர் வாளிக்குப் போனது.

"அரிசியை எத்தினை தரம் கழுவிறனீ?"

"தெளியுமட்டும்."

"அரிசியிலை தயமின் எண்டொரு விற்றமின் இருக்கு. தீட்டினதிலை பாதி போயிட்டுது. மிச்சத்தை நீ மாட்டுக்குக் குடுக்கிறாய். உன்ரை பாலிலையும் அது இல்லை. இப்பிடியே விட்டால் பிள்ளையின்ரை இருதயம் நிண்டுபோகும். வெளிக்கிடு!"

"ஆசுப்பத்திரியிலை மருந்து இருக்குமோ மிசி?"

மிசி சைக்கிளைத் திருப்பினார். அக்கா பிள்ளையோடு கரியரில் ஏறினார்.

"வழி முழுக்க அதின்ரை வாயைத்தான் பாத்தன் தம்பி," என்று பிறகு என்னிடம் சொன்னார். "திறக்கேக்கை உயிர் இருக்கெண்டு நினைச்சன். மூடேக்கை…"

ஆசுப்பத்திரியில் இரண்டு குப்பி ஊசிமருந்துதான் மிச்சம் இருந்தது. ஒன்று பிள்ளைக்கு, ஒன்று தாய்க்கு. பின்னேரம் பிள்ளை குழறிய குழறலில் வாட்டே எழும்பியதாம்.

அதன் பிறகு அக்கா ஒரு தரம்தான் கழுவினார். கஞ்சியை வடிப்பதில்லை; பயறு கிடைத்தால் அவிப்பார்.

"அப்ப என்ரை மாட்டுக்கு?"

"வைக்கலைப் போடுங்கோ மாமி!"

ஆனாலும் பிள்ளை கொஞ்சம் கூடுதலாக நித்திரை கொண்டால் அக்காவுக்குப் பொறுக்காது. மெல்லக் கிள்ளுவார். அது வீரிட்டு அழுதபிறகுதான் அடுப்படிக்குப் போவார்.